உள்ளுணர்வும் குவாண்டமும்: ஒரு நைட் டூட்டி கேள்வி

இரவுப்பணி

வணக்கம். பதினோரு வருடமாகப் பச்சைக்குழந்தைகள் ஐசியுவில் நர்ஸாக இருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். போன மாதம் ஒரு நைட் டூட்டியில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

32 வாரத்தில் பிறந்த குழந்தை, அன்றைக்கு ஒன்பதாவது நாள். ஹேண்டோவர் வாங்கும்போது துடிப்பு சரி, ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் சரி, உடம்புச் சூடு சரி. இரண்டு மணி வாக்கில் அந்தக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கமாகப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இந்தக் குழந்தை சரியில்லை என்று வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. டூட்டி டாக்டரை எழுப்பினேன். "மானிட்டரில் எல்லாம் நார்மல்தானே சிஸ்டர், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. இருந்தும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார், மருந்தையும் ஆரம்பித்தார். விடிவதற்குள் குழந்தைக்கு மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. எடுத்த ரத்தத்தைக் கல்ச்சர் வைத்துப் பார்த்ததில் கிருமி வளர்ந்தது. மருந்து முன்பே ஏறியிருந்ததால் பிழைத்துக்கொண்டது, போன வாரம் அம்மாவும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதைச் சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒரு வீடியோ அனுப்பினார். உள்ளுணர்வு என்பது குவாண்டம் இயற்பியல், இரண்டு உயிர்களின் மனமும் துகள்கள்போலப் பின்னிக்கொள்ளும், அதனால்தான் ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றதற்குத் தெரிகிறது என்று அதில் சொல்கிறார்கள். பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது. அப்புறம் யோசித்தால் ஏதோ உறுத்துகிறது. நான் பிளஸ் டூ இயற்பியலோடு நின்றவள். இதில் உண்மை இருக்கிறதா? கிண்டல் செய்யாமல் சொல்லுங்கள், எனக்கு இது விளையாட்டு இல்லை.

அலைநீளம்

சிஸ்டர், குழந்தை பிழைத்தது கேட்டு மனம் நிறைந்தது. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

குவாண்டம் பின்னல் என்பது கற்பனை அல்ல. அதைச் சோதனைச்சாலையில் நிரூபித்ததற்காகத்தான் 2022-ல் ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். பின்னிய இரண்டு ஒளித்துகள்களில் ஒன்றை இங்கே அளக்கிறோம், மற்றதை எங்கோ அளக்கிறார்கள், இரண்டு விடைகளுக்கும் இடையில் சாதாரணக் காரணங்களால் விளக்கவே முடியாத ஒரு பொருத்தம் இருக்கிறது. வீடியோக்காரர்கள் இதுவரை சரியாகச் சொல்கிறார்கள். விட்டுவிடுவது அடுத்த வரியை. இங்கே இருப்பவருக்குக் கிடைப்பது நாணயம் சுண்டியதுபோல ஒரு விடை மட்டுமே. அங்கே இருப்பவருக்கும் அப்படியே. இருவரும் போனிலோ கடிதத்திலோ பேசி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பொருத்தம் கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து இங்கே ஒரு சேதிகூட அந்த வழியில் வராது. இன்றைக்குக் கருவி போதவில்லை, நாளைக்கு வரும் என்று சொல்வதற்கும் இடமில்லை, அந்தக் கோட்பாட்டின் கணக்கே அதைத் தடுக்கிறது. ஆகவே குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறிய சேதி உங்களுக்குப் பின்னல் வழியாக வந்தது என்றால், பின்னலைக் கண்டுபிடித்த அதே இயற்பியலை மறுத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இன்னொரு சிக்கல் சூடு. இந்த நுட்பமான நிலைகளைக் காப்பாற்ற ஆய்வுக்கூடங்களில் குளிரவைத்து, அதிர்வு படாமல் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். மூளையோ 37 டிகிரியில் உப்புத் தண்ணீரில் மிதக்கிறது. 2000-ல் மேக்ஸ் டெக்மார்க் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூளைக்குள் அப்படி ஒரு நிலை உருவானாலும் ஒரு விநாடியை 10 லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நேரத்துக்குள் குலைந்துவிடும், அதுவும் தாராளமான கணக்கு என்றார். ஒரு நரம்பு ஒரு தடவை துடிக்கவே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும்.

நுண்குழல்

அலைநீளம் ஐயா சொன்ன பின்னல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், வீடியோ தவறு. ஆனால் மூளை சூடு, ஈரம், ஆகவே கதை முடிந்தது என்று கதவைச் சாத்துவதை ஏற்க முடியவில்லை. நான் உயிரித்தொழில்நுட்பம் படித்தவன், இந்தக் கேள்வியைப் பல வருடமாகப் பின்தொடர்கிறேன்.

கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-ல் மூளையில் குவாண்டம் வேலை செய்யலாம் என்று எழுதியபோது அவர் தொடங்கிய இடமே உள்ளுணர்வுதான். கோடல் என்ற தர்க்கவியலாளர் 1931-ல் நிரூபித்ததை எடுத்துக்கொண்டார். எண்கணிதத்துக்குப் போதுமான, முரண்பாடில்லாத எந்த ஒரு விதித்தொகுப்பை வைத்துக்கொண்டாலும், அதற்குள் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும். அந்த உண்மையைக் கணிதக்காரன் 'பார்த்துவிடுகிறான்' என்றால், அவன் மூளையில் நடப்பது வெறும் கணினிக் கணக்கு ஆக முடியாது, இயற்பியலில் கணக்கிட முடியாத ஏதோ ஒன்று அங்கே நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது எங்கே நடக்கலாம் என்று காட்டியவர் ஸ்டுவர்ட் ஹேமராஃப், மயக்க மருந்து மருத்துவர். நரம்பு செல்லுக்குள் ஓடும் மைக்ரோட்யூபுல்கள், 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழல்கள், அங்கேதான் என்றார். டெக்மார்க் கணக்குக்கு ஹேமராஃபும் கூட்டாளிகளும் 2002-லேயே பதில் எழுதினார்கள், அளவுகளைத் திருத்திப் போட்டால் 10 முதல் 100 மைக்ரோவிநாடி வரை வரும் என்றார்கள்.

சோதனைகளும் இருக்கின்றன. செனான் வாயு கொடுத்தால் மயக்கம் வரும். 2018-ல் எலிகளிடம் செனானின் வெவ்வேறு ஐசோடோப்புகளை, அதாவது அணு எடை மட்டும் மாறும் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேதியியலில் எல்லாம் ஒன்றுதான், ஆனால் அணுக்கருவில் ஸ்பின் என்ற குவாண்டம் குணம் உள்ள வகைகள் வீரியம் குறைவாக இருந்தன. 2024-ல், மைக்ரோட்யூபுலைப் பிடித்துக்கொள்ளும் ஒரு மருந்தை முன்கூட்டியே கொடுத்த எலிகள் மயங்க ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன. இதெல்லாம் நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. தேடுகிறவர்களை ஏளனமாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

அலைநீளம்

ஏளனம் இல்லை தம்பி. பென்ரோஸ் என் தலைமுறைக்குப் பெரிய மனிதர், கருந்துளைக் கணிதத்துக்காக 2020-ல் நோபல் வாங்கியவர். செனான் சோதனையும் எனக்கு இன்னும் புதிராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று. ஈர்ப்பு விசையால் அலைச்சார்பு, அதாவது துகளின் குவாண்டம் நிலை, குலைகிறது என்ற அவர்களுடைய அடிப்படையை இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில், ஏறக்குறைய 1400 மீட்டர் பாறைக்குக் கீழே சோதித்தார்கள். அப்படிக் குலைந்தால் வர வேண்டிய மெல்லிய கதிர்வீச்சு அங்கே தென்படவில்லை, அந்தக் கருத்தின் மிக எளிய வடிவம் 2021-ல் அடிபட்டுப்போனது. வேறு வடிவங்கள் மிஞ்சியிருக்கின்றன. அதோடு, நீங்கள் சொன்ன எலிச் சோதனைகள் எல்லாம் விழிப்பு, மயக்கம் பற்றியவை. சிஸ்டர் கேட்டது உள்ளுணர்வை. முழு விழிப்பில் இருக்கும் பத்து நர்ஸில் ஒருவருக்கு மட்டும் ஏன் தட்டுப்படுகிறது என்பதற்கு மைக்ரோட்யூபுல் எப்படிப் பதில் சொல்லும்? பத்துப் பேருக்கும் அது இருக்கிறதே.

வலசை

நான் பறவை பார்க்கிறவன், இயற்பியல் படித்ததில்லை, ஆனால் இந்தப் பேச்சில் ராபின் பறவையை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சூட்டிலும் ஈரத்திலும் குவாண்டம் வேலை செய்யுமா என்றால், ஒரு கைப்பிடி அளவு பறவையின் கண்ணில் வேலை செய்வதாகத்தான் தெரிகிறது.

ஐரோப்பிய ராபின் இரவில் தனியாக வலசை போகும். 1960-களிலேயே ஜெர்மனியில் வில்ச்கோ என்பவர் அதைக் கூண்டில் வைத்துச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைத் திருப்பிப் பார்த்தார், பறவையும் திசையைத் திருப்பிக்கொண்டது. பூமியின் காந்தப் புலம் எவ்வளவு சின்னது, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதை உடம்பு எப்படி உணரும்? 1978-ல் கிளாஸ் ஷுல்டன் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். ஒளி பட்டு ஒரு மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி பிரிந்து நிற்கும், அவற்றின் ஸ்பின் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்தச் சின்னப் புலமே மாற்றிவிடும், அதைப் பொறுத்து வேதிவினை மாறும். பிறகு 2000-ல் அவரும் கூட்டாளிகளும் கண்ணில் இருக்கும் கிரிப்டோகுரோம் என்ற புரதம்தான் அந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரத்துக் கதை. அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் மரக் குடிசைகளில் ராபின்களை வைத்துச் சோதித்தால் பறவைகள் திசை தெரியாமல் தடுமாறின, காரணம் பிடிபடவில்லை. கடைசியில் குடிசைகளைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள். பறவைகள் உடனே வடக்கைப் பிடித்துக்கொண்டன! நகரத்து மின்கருவிகள் விடும் மிக மெல்லிய ரேடியோ இரைச்சல்தான் அவற்றின் திசைகாட்டியைக் கலைத்திருக்கிறது. 2014-ல் வந்த கட்டுரை இது. அவ்வளவு மெல்லிய அலையால் உடம்பில் எதையும் சூடாக்கக்கூட முடியாது, ஆனால் ஸ்பின் ஜோடியைக் கலைக்க முடியும். 2021-ல் ராபினின் கிரிப்டோகுரோம் 4 சோதனைக் குழாயில் காந்தத்துக்கு அசைவதையும் காட்டிவிட்டார்கள். உயிருள்ள பறவையின் கண்ணுக்குள் அதே நடப்பதைக் காட்டுவதுதான் பாக்கி.

ராபினுக்கு இது மாயம் இல்லை, ஒரு புலன். கண், காது போல. புரதம் இன்னது, ஒளி இன்ன நிறம், அலை இன்ன அளவு என்று தொட்டுக் காட்டும்படி இருக்கிறது. மனித உள்ளுணர்வுக்குக் குவாண்டம் என்று சொல்கிறவர்கள், எங்கே தகடு அடித்தால் அது நின்றுபோகும் என்று சொல்லட்டும், நான் முதல் ஆளாகக் கேட்கிறேன்.

காவிரிக்கரை

நுண்குழல் தம்பி கணிதக்காரன் 'பார்த்துவிடுகிறான்' என்றார். நான் கும்பகோணம், ராமானுஜன் வீடு இருக்கும் சாரங்கபாணி சன்னதித் தெருவைத் தாண்டித்தான் சின்ன வயதில் டியூஷன் போவேன், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் கொடுத்தாள் என்று அவரே சொல்லியிருக்கிறார், அந்த நம்பிக்கையை நான் தொடவே மாட்டேன். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் அவர் கையில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது, ஏறக்குறைய 5000 முடிவுகள், நிரூபணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி, வருடக்கணக்கில். காகிதம் வாங்கக் காசு இல்லை. மற்ற பாடங்களில் ஃபெயில் ஆனார். அத்தனை ஆயிரம் மணி நேரம் எண்களோடு குடும்பம் நடத்தியவருக்கு எண்கள் கனவில் வருவதில் என்ன ஆச்சரியம்?

அப்புறம், அவர் பார்த்ததெல்லாம் சரியாக இருக்கவில்லை. 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றிச் சொன்னதில் பெரிய பிழை. ஒரு எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் என்று மிகத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருக்கிறது என்று நம்பினார், அது அவ்வளவு துல்லியம் கிடையாது. சின்ன எண்களில் போட்டுப் பார்த்தால் அற்புதமாகப் பொருந்தும், பகா எண்கள் தங்கள் குணத்தைக் காட்டுவது மனிதன் எழுதிப் பார்க்க முடியாத பெரிய எண்களில். ராமானுஜன் உட்கார்ந்து பழகிய இடத்துக்கு வெளியே அது இருந்தது. பென்ரோஸ் சொல்லும் 'பார்த்தல்' உண்மையை நேராகத் தொடும் ஒன்று என்றால், இவ்வளவு பெரிய கண்ணுக்கு அது ஏன் தப்ப வேண்டும்? பழக்கத்திலிருந்து வந்தது என்றால் மட்டுமே சரியும் தவறும் இரண்டும் எனக்குப் புரிகிறது.

வீடுவீடாக

நான் சர்வே எடுக்கும் வேலை, டேப்லெட்டும் கையுமாக வீடு வீடாகப் போகிறவன். எங்கள் வேலைக்கும் குவாண்டத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பதைத் தற்செயலாகப் படித்தேன், இங்கே பொருந்தும்.

கேள்வியின் வரிசையை மாற்றினால் பதில் மாறும், இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1997-ல் அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அப்போதைய ஜனாதிபதி கிளின்டன் நேர்மையானவரா, துணை ஜனாதிபதி அல் கோர் நேர்மையானவரா என்று கேட்டது. கிளின்டனை முதலில் கேட்டால் 50 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், கோருக்குப் பிறகு கேட்டால் 57. கோரை முதலில் கேட்டால் 68, பிறகு கேட்டால் 60. முதல் கேள்வியே ஆளை மாற்றிவிடுகிறது. குவாண்டத்திலும் எதை முதலில் அளக்கிறோம் என்பது அடுத்த அளவை மாற்றும், அதனால் அதே கணிதத்தை இங்கே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணிதம் ஒரு கணிப்பு சொல்கிறது: இரண்டுக்கும் ஆம் சொன்னவர்கள், இரண்டுக்கும் இல்லை சொன்னவர்கள், இந்த இரண்டையும் கூட்டினால் வரும் பங்கு வரிசை மாறினாலும் மாறக் கூடாது. 2014-ல் 70 தேசிய சர்வேக்களை எடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் அப்படியே வந்தது.

இதைச் செய்தவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள், மூளை குவாண்டம் கருவி என்று நாங்கள் சொல்லவில்லை, கணிதம் பொருந்துகிறது, அவ்வளவுதான் என்று. வட்டத்தின் கணிதம் நிலாவுக்கும் தோசைக்கல்லுக்கும் பொருந்தும், அதனால் தோசைக்கல் நிலா ஆகாது. ஆனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. மனதில் பதில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது, நாம் போய்ப் படிக்கிறோம் என்று இல்லை. கேட்கும்போதுதான் அது உருவாகிறது.

அலைநீளம்

வலசை எழுதியதைப் படித்ததும் ஞாபகம் வந்தது, மனிதக் கண்ணிலும் ஒன்று இருக்கிறது. 2016-ல் வியன்னாவில் மூன்று பேரை இருட்டறையில் உட்காரவைத்துக் கண்ணுக்குள் ஒரே ஒரு ஒளித்துகளை அனுப்பினார்கள். இரண்டு சத்தம் கேட்கும், இரண்டில் எந்தச் சத்தத்தோடு ஒளி வந்தது, எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். 30,000 தடவைக்கு மேல் செய்தார்கள். எதையும் 'பார்த்தேன்' என்று சொல்ல முடியாத ஊகம்தான். அதில் ஒற்றை ஒளித்துகள் போனது உறுதியான தடவைகளில் 51.6 சதவீதம் சரி, நாணயம் சுண்டியதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் நிச்சயமாகத் தோன்றுகிறது என்று சொன்ன தடவைகளை மட்டும் எடுத்தால் 60 சதவீதம். சின்னச் சோதனை, இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்ய வேண்டியது. இருந்தாலும் ஒரு தனி ஒளித்துகள், இயற்கையில் அதைவிடச் சின்ன வெளிச்சம் கிடையாது, அது ஒரு மனிதனுக்குள் 'ஏதோ இருந்தது' என்ற உணர்வாக மாறுகிறது என்றால், உள்ளுணர்வும் குவாண்டமும் உண்மையாகத் தொட்டுக்கொள்ளும் இடம் எனக்கு இதுதான். கண் வழியாக வருகிறது, கண்ணைச் சுற்றிக்கொண்டு வரவில்லை.

பாதிவழி

உளவியல் முதுகலை மாணவி. அக்கா, நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி.

1997-ல் ஒரு சீட்டாட்டச் சோதனை வந்தது, பெச்சாரா, டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்களின் குழு. நான்கு சீட்டுக் கட்டுகள், இரண்டில் எடுத்தால் போகப் போக நஷ்டம், இரண்டில் லாபம், ஆடுபவருக்கு எது எது என்று தெரியாது. பத்துச் சீட்டு வாக்கிலேயே கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போது உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்துவிட்டது. ஐம்பது சீட்டு வாக்கில்தான் 'ஏதோ சரியில்லை' என்றார்கள், எண்பதில்தான் காரணம் சொன்னார்கள். உங்கள் வயிற்றைப் பிசைந்ததும் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் 2004-ல் வேறு இருவர் அதே ஆட்டத்தை நடத்தி, 'என்ன தோன்றுகிறது' என்று பொதுவாகக் கேட்காமல் கட்டு கட்டாகத் துருவிக் கேட்டார்கள். பார்த்தால், ஆடியவர்களுக்குத் தாங்கள் நினைத்ததைவிட நிறையவே தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னதற்குக் காரணம், யாரும் சரியாகக் கேட்கவில்லை.

கேரி க்ளைன் என்ற உளவியலாளர் தீயணைப்பு வீரர்களிடம் இப்படித் துருவிக் கேட்டவர். தரைக்கு அடியில் நெருப்பு இருப்பது தெரியாமலேயே தன் ஆட்களை வீட்டை விட்டு வெளியேற்றிய அதிகாரி ஒருவர், தனக்கு அமானுஷ்ய சக்தி என்றே நம்பினார். உட்காரவைத்துக் கேட்டால், சமையலறைத் தீக்கு இவ்வளவு சூடு இருக்கக் கூடாது, இவ்வளவு அமைதியாகவும் இருக்கக் கூடாது என்று சொல்கிறார். அவர் குழுவினர் பச்சைக்குழந்தை ஐசியு நர்ஸ்களிடமும் கேட்டிருக்கிறார்கள், உங்கள் கதை அப்படியே, கிருமித்தொற்றைப் பரிசோதனைக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள். அந்த நர்ஸ்கள் சொன்ன அறிகுறிகளில் சில எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கவில்லை. சில, பெரியவர்களுக்கு வரும் அறிகுறிக்கு நேர் எதிர்.

இதுவே க்ளைனும் இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் 2009-ல் சேர்ந்து எழுதியதில் நான் பிடித்துக்கொண்டது: நிலையான ஒழுங்கு உள்ள இடம், அதில் நீண்ட பழக்கம், தப்பா சரியா என்று உடனே தெரியும் வாய்ப்பு, இவை இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். உங்கள் வார்டில் விடிந்தால் விடை தெரிந்துவிடும். அதனால் கேட்கிறேன், அன்றைக்கு இரவு பதினோரு மணியிலிருந்து அந்தக் குழந்தையை எத்தனை தடவை தொட்டீர்கள், ஒவ்வொரு தடவையும் என்ன செய்தீர்கள்? 'என்ன உணர்ந்தீர்கள்' என்று கேட்கவில்லை.

இரவுப்பணி

இரண்டு நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், தம்பி தங்கைகள் எழுதியதை டூட்டி முடிந்து வந்து இரண்டு தடவை படித்தேன். பாதிவழி கேட்டதற்குத்தான் நேரம் எடுத்தது. கேஸ் ஷீட்டில் நானே எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு டியூபில் பால் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் வயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்ததில் முந்தைய பால் கொஞ்சம் மிச்சம், அனுமதித்த அளவுக்குள்தான், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அதுவரை மிச்சமே வந்ததில்லை. பன்னிரண்டரைக்குச் சர்க்கரை பார்க்கக் குதிகாலில் குத்தினேன். வழக்கமாகக் காலை வெடுக்கென்று இழுத்துக் கத்தும், அன்றைக்கு முகத்தைச் சுளித்துவிட்டு அடங்கிவிட்டது. அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா, பாவம், இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறது என்று. ஒன்றரைக்கு டயப்பர் மாற்றும்போது தொடை என் கையில் கொஞ்சம் கனமாகக் கிடந்தது. இரண்டு மணிக்கு வார்மர் வெளிச்சத்தில் வயிற்றுத் தோல் வலை போட்டதுபோல் லேசாக நிறம் மாறித் தெரிந்தது, அதுதான் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். தனித்தனியாக எதற்கும் டாக்டரை எழுப்ப மாட்டோம். நான்கையும் நான் கூட்டவும் இல்லை. எனக்குள் ஏதோ கூட்டியிருக்கிறது, எனக்கு விடையை மட்டும் சொல்லியிருக்கிறது.

படித்ததும் அழுதுவிட்டேன். வீடியோ பார்த்தபோது வந்த சிலிர்ப்பைவிட இது பெரிதாக இருந்தது. இந்தப் பதினோரு வருடம் எங்கேயும் போகவில்லை, கையிலேயே இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதே போலப் பிசைந்து, எழுப்பி, ரத்தம் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்த இரவுகளும் இருக்கின்றன. அவற்றை நான் யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை. காவிரிக்கரை ராமானுஜன் பிழையைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் அவை ஞாபகத்துக்கே வந்தன. இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தோன்றியதும் மணி, குழந்தை, கடைசியாகத் தொட்டபோது என்ன செய்தேன், காலையில் என்ன ஆனது, எல்லாம் எழுதுகிறேன்.

நுண்குழல்

அக்கா, உங்கள் விஷயத்தில் மைக்ரோட்யூபுலுக்கு வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கையும் கூட்டியது எது, அது கூட்டியதை 'நீங்கள்' எப்படி உணர்ந்தீர்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பென்ரோஸ் தவறாகக்கூட இருக்கலாம், அவர் கேட்ட கேள்வியை விட மாட்டேன்.

இரவுப்பணி

விடாதீர்கள் தம்பி. எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரிகிறது என்று கேட்டாள். முன்பெல்லாம் போகப் போகத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நேற்று குதிகால் குத்தும்போது பக்கத்தில் நிறுத்தி, ஊசியைப் பார்க்காதே, காலைப் பார் என்றேன். இன்றைக்கும் அவளோடுதான் நைட், கிளம்புகிறேன்.